உள்நாட்டு உளவு அமைப்பு எப்படி இயங்குகிறது: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உள்நாட்டு உளவு அமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பேட்டிகளிலும் கசிந்த ரகசியங்களிலும்தான் தொடங்குகிறார்கள். அது சுற்றுவழி. சட்டம், விசாரணை ஆணைய அறிக்கை, நாடாளுமன்றக் குழு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு என்ற நான்கும் எவருக்கும் கிடைப்பவை. இதழியல் மாணவருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும், செய்தியைக் கவனமாகப் படிக்க நினைக்கும் எவருக்கும் இவையே போதும். ஏதாவது ஒரு நாட்டின் அமைப்பைத் தேர்ந்துகொண்டு, கையில் ஒரு நோட்டோடு கீழே உள்ள வரிசையில் போங்கள்.

தொடங்குமுன் ஒரு விஷயம். காவல்துறை, நடந்துவிட்ட குற்றத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. உளவு அமைப்பு இன்னும் நடக்காத ஒன்றைத் தேடி முன்னே போகிறது. கையில் உள்ள ஆட்கள் எப்போதும் குறைவு என்பதால், யாரைக் கவனிப்பது, யாரை விடுவது என்பதுதான் அங்கே அன்றாடம் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவும், செயல்படும் அதிகாரம் உள்ள இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன்படும். பெரிதாகப் பேசப்பட்ட தோல்விகளை எடுத்துப் பார்த்தால், தகவலே வராமல் தோற்றவை குறைவு. வந்த தகவலை எடைபோட்ட இடத்திலோ, கைமாற்றிய இடத்திலோதான் பெரும்பாலும் கோட்டை விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு இடங்களையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: சட்டத்தில் ‘பாதுகாப்பு’ என்பதற்கான விளக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

முதலில் அந்த அமைப்புக்குச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனின் எம்ஐ5 1909-இல் தொடங்கப்பட்டது; அதற்கென்று ஒரு சட்டம் வந்தது 1989-இல்தான். எண்பது ஆண்டுகள் அரசின் உத்தரவுகளின் பேரிலேயே அது இயங்கியது. ஆஸ்திரேலியாவின் ஏசியோ 1949-இல் பிறந்தது, இன்று 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. கனடாவின் சிஎஸ்ஐஎஸ் 1984-இல் சட்டத்தோடேயே பிறந்தது. இந்தியாவின் ஐபி தன் தொடக்கத்தை 1887 வரை கொண்டுபோகிறது. ஆனால் அதன் கடமைகளையும் வரம்புகளையும் வகுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ், நிர்வாக ஆணைகளின்படி இயங்குகிறது.

சட்டம் இருந்தால், விளக்கப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கனடாச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு நான்கு அச்சுறுத்தல்களைச் சொல்கிறது: உளவும் நாசவேலையும்; வெளிநாட்டின் மறைமுகத் தலையீடு; அரசியல், மத, கொள்கை நோக்கத்துக்கான கடும் வன்முறை; அரசமைப்பை வன்முறையால் அல்லது சட்டவிரோத ரகசிய வழிகளால் கவிழ்க்க முயல்வது. அதே பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு இருக்கிறது. சட்டப்படியான பிரசாரம், போராட்டம், மாற்றுக்கருத்து ஆகியவை, மேலே சொன்ன நான்கில் ஒன்றோடு சேர்ந்தாலொழிய, இதில் வராது. 12-ஆம் பிரிவு இன்னொரு கடிவாளம் போடுகிறது: ‘கண்டிப்பாகத் தேவைப்படும் அளவுக்கு’ மட்டுமே தகவல் திரட்டலாம். ஆஸ்திரேலியச் சட்டத்தின் 17ஏ பிரிவும் போராடும் உரிமையைக் காக்கிறது.

நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எவை அச்சுறுத்தல், எது விலக்கு, எந்த அளவு வரை. விலக்கு பற்றிய வரியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அப்படி ஒரு வரி இல்லாத காலத்தில் நடந்ததற்கு அமெரிக்காவின் எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை நடத்திய ‘கோயின்டெல்ப்ரோ’ என்ற ரகசியத் திட்டம் சாட்சி. குடிமை உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைப் பின்தொடர்ந்து, அவர் அறைகளில் ஒட்டுக்கேட்டு, 1964-இல் அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் மொட்டைக் கடிதம்கூட அனுப்பினார்கள். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரிலிருந்த எஃப்பிஐ கிளை அலுவலகத்திலிருந்து குடிமக்கள் சிலர் கோப்புகளை எடுத்துச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1975, 76-இல் இதை விரிவாக விசாரித்தது.

படி 2: அக்கம்பக்கத்து அமைப்புகளைப் பிரித்து எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நான்கு கட்டங்கள் வரையுங்கள்: உள்நாட்டு உளவு, வெளிநாட்டு உளவு, தகவல்தொடர்பு ஒட்டுக்கேட்பு, குற்றப் புலனாய்வு. பிரிட்டனுக்கு எம்ஐ5, எம்ஐ6, ஜிசிஎச்க்யூ, காவல்துறை. இந்தியாவுக்கு ஐபி, 1968-இல் அதிலிருந்து பிரிந்த ரா, என்டிஆர்ஓ, கடைசிக் கட்டத்தில் மாநிலக் காவல்துறைகளோடு சிபிஐயும் 2008-இல் சட்டத்தால் உருவான என்ஐஏவும். வழக்குப் பதிவது, கைது செய்வது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் நான்காவது கட்டத்தின் வேலை. ‘உளவுத்துறை கைது செய்தது’ என்று செய்தியில் வந்தால், உண்மையில் கைது செய்தது யார் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எம்ஐ5, ஏசியோ, சிஎஸ்ஐஎஸ், ஜெர்மனியின் பிஎஃப்வி, இந்தியாவின் ஐபி ஆகிய எதுவும் குற்றவாளியைக் கைது செய்யும் காவல் அமைப்பு அல்ல. எஃப்பிஐ விதிவிலக்கு, அங்கே உளவும் புலனாய்வும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஏன் பிரித்து வைத்தார்கள்? ஜெர்மனியில், நாஜி ஆட்சியின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போவின் நினைவு. நேச நாடுகளின் ராணுவ ஆளுநர்கள் 1949 ஏப்ரலில் எழுதிய கடிதத்திலேயே, புதிய அமைப்புக்குக் காவல் அதிகாரம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 1950-இல் பிஎஃப்வி உருவானது. கொலோன் நகரில் இருக்கிறது. கூடவே 16 மாநிலங்களுக்கும் தனித்தனி அமைப்புகள். கனடாவில் முன்பு உளவு வேலை ஆர்சிஎம்பி என்ற தேசியக் காவல்படையிடம் இருந்தது. அதன் ஆட்கள் 1972-இல் ஒரு கூட்டம் நடக்கக்கூடாது என்பதற்காக ஒரு களஞ்சியத்தையே கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஓர் அரசியல் கட்சியின் உறுப்பினர் பட்டியலைத் திருடினார்கள். மெக்டொனால்ட் ஆணையம் விசாரித்து, உளவைக் காவலிலிருந்து பிரிக்கச் சொன்னது. ரகசியமும் கைவிலங்கும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது நியாயமான அச்சம். ஆனால் பிரித்த இடத்தில் ஒரு சுவர் எழும்புகிறது. அதன் விலையை நான்காவது படியில் பார்க்கலாம்.

படி 3: ஒரு தகவலின் பின்னாலேயே போங்கள்

ஓர் அமைப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய, ஒரே ஒரு தகவல் வந்து சேர்வதிலிருந்து கோப்பு மூடப்படுவது வரை தொடர்ந்து பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

தகவல் வரும் வழிகள் ஆறு: உள்ளே இருக்கும் தகவலாளி, ஒட்டுக்கேட்பு, ஆளைப் பின்தொடர்தல், பொதுவெளியில் கிடைப்பவை, பொதுமக்களின் தொலைபேசி அழைப்பு, வேறொரு நாட்டின் அமைப்பு. வந்ததும் இரண்டு மதிப்பெண் போடுவது பல நாடுகளில் வழக்கம். சொன்னவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை. சொல்லப்பட்ட விஷயத்துக்கு 1 முதல் 6 வரை. ஏ என்றால் முழு நம்பகம், 1 என்றால் வேறு வழியாகவும் உறுதியானது. எஃப்பும் 6-உம் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று பொருள்படும். ‘பொய்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தாண்டுகளாகச் சரியாகச் சொல்லிவந்தவரும் இன்று ஒரு வதந்தியைக் கொண்டுவரலாம். முன்பின் தெரியாதவரின் அழைப்பு முழு உண்மையாக இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய பிழை, ஒரே செய்தி இரண்டு வாய் வழியாக வரும்போது அதை இரண்டு சான்றுகளாக எண்ணிவிடுவது. ஒருவர் சொன்னது இன்னொரு நாட்டின் அமைப்புக்குப் போய், அங்கிருந்து ‘வெளிநாட்டுத் தகவல்’ என்ற முத்திரையோடு திரும்பி வரும். அடிவேரைத் தேடாமல் ‘இரண்டு இடத்திலிருந்து உறுதியானது’ என்று எழுதிவிடுவார்கள். விசாரணை அறிக்கை படிக்கும்போது, ‘உறுதியானது’ என்ற சொல் வரும் இடமெல்லாம் எதனால் உறுதியானது என்று தேடுங்கள்.

அடுத்தது வரிசைப்படுத்தல். ஒருவரை இரவும் பகலும் அவருக்குத் தெரியாமல் பின்தொடர மூன்று ஷிப்டு வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்துபோக ஆட்கள், மாற்றிக்கொள்ள வண்டிகள், வழிநடத்த ஒரு கட்டுப்பாட்டு அறை. ஒட்டுக்கேட்டதை அந்த மொழி தெரிந்தவர் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். இத்தனையும் சந்தேகத்துக்குரிய ஒரே ஓர் ஆளுக்கு. 2017-இல் எம்ஐ5 வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: நடப்பில் இருந்த விசாரணைகள் சுமார் 500, அவற்றில் கவனத்தில் இருந்தவர்கள் சுமார் 3,000, முன்பு கவனிக்கப்பட்டுக் கோப்பு மூடப்பட்டவர்கள் 20,000-க்கும் மேல். ‘அவரைப் பற்றி முன்பே தெரியுமாமே, ஏன் பிடிக்கவில்லை’ என்ற கேள்விக்குப் போகுமுன் அந்த 20,000 என்ற எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அந்தக் கேள்வியே தவறு என்றாகிவிடாது. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் குண்டு வைத்து 22 பேரைக் கொன்ற சல்மான் அபேதியின் கோப்பு 2014-இல் திறக்கப்பட்டு, அதே ஆண்டில் மூடப்பட்டது. மூடிய கோப்புகளை மறுபடி அலசும் ஒரு முறையில் அவர் பெயர் மேலே வந்தது. அதைப் பற்றிப் பேசுவதற்கான கூட்டம் மே 31-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்பது நாள் முந்திக்கொண்டு தாக்குதல் நடந்துவிட்டது. 2023 மார்ச்சில் வெளிவந்த விசாரணை அறிக்கை, தடுத்திருக்கக்கூடிய ஒரு முக்கிய வாய்ப்பை எம்ஐ5 தவறவிட்டது என்று முடிவு செய்தது. ஆகவே எந்த நிகழ்விலும் மூன்று தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: கோப்பு திறந்த நாள், மூடிய நாள், மறுபடி பார்த்த அல்லது பார்க்கவிருந்த நாள். வாதங்களைவிட இந்த மூன்று தேதிகள் அதிகம் சொல்லும்.

தகவலாளிகள் பற்றி ஓர் எச்சரிக்கை. இவர்கள் இல்லாமல் எந்த அமைப்பும் இயங்காது. ஆனால் இவர்களைக் காப்பாற்றும் முனைப்பு அமைப்பின் கண்ணையே மறைத்துவிடும். ஜெர்மனியில் என்பிடி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தடை செய்யத் தொடுத்த வழக்கு 2003-இல் நின்றுபோனதற்குக் காரணம், அந்தக் கட்சியின் தலைமையிலேயே அரசின் தகவலாளிகள் இருந்ததுதான். கட்சி பேசியது எது, அரசின் ஆள் பேசியது எது என்று நீதிமன்றத்தால் பிரிக்க முடியவில்லை. 2000-க்கும் 2007-க்கும் இடையே பத்துப் பேரைக் கொன்ற என்எஸ்யூ என்ற நவநாஜிக் கும்பல் 2011 நவம்பரில் வெளிப்பட்டபோது, சில நாள்களிலேயே பிஎஃப்வி அலுவலகத்தில் தகவலாளிகள் பற்றிய கோப்புகள் அழிக்கப்பட்டன. அது தெரியவந்ததும் அதன் தலைவர் 2012-இல் பதவி விலக நேர்ந்தது.

படி 4: தகவல் சாட்சியமாகும் இடத்தைப் பாருங்கள்

உளவு அமைப்பு எச்சரிக்கத் தகவல் திரட்டுகிறது. நீதிமன்றம் கேட்பது சாட்சியம். எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, மூலப் பிரதி எங்கே என்பவற்றுக்குப் பதில் வேண்டும். உளவு அமைப்போ ஆளையும் முறையையும் மறைக்க விரும்பும்.

கனிஷ்கா வழக்கு இதற்கு மிகக் கொடுமையான பாடம். 1985 ஜூன் 23 அன்று ‘கனிஷ்கா’ என்ற ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 4 அன்று, சிஎஸ்ஐஎஸ் ஆட்கள் சந்தேகத்துக்குரியவர்களை வான்கூவர் தீவில் டங்கன் என்ற ஊருக்கு அருகே ஒரு காட்டுப்பகுதி வரை பின்தொடர்ந்திருந்தார்கள். பலத்த சத்தம் ஒன்றைக் கேட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது வெடிகுண்டுச் சோதனை. ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் பஞ்சாபியில் இருந்தன, மொழிபெயர்ப்பாளர் போதவில்லை, ஒலிநாடாக்கள் தேங்கின. தாக்குதலுக்குப் பிறகும், பழைய நாடாக்களை அழிக்கும் அலுவலக வழக்கப்படி அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். புதிதாகப் பிறந்த அமைப்பு, ‘நாங்கள் காவல்துறை இல்லை, சாட்சியம் சேர்ப்பது எங்கள் வேலை இல்லை’ என்ற பாடத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டதன் விளைவு அது. 2005-இல் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுதலையான தீர்ப்பில் நீதிபதி அந்த அழிப்பை ஏற்கவே முடியாத அலட்சியம் என்று கண்டித்தார். கனடா உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான ஆணையத்தின் 2010 அறிக்கை பல தொகுதிகள் கொண்டது. புதியவர்கள் முழுதாகப் படிக்க ஒரே ஓர் அறிக்கை சொல்லுங்கள் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே உள்நாட்டில் ஒட்டுக்கேட்டது பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியமாகவே வராது. அதனால் அமைப்பு தான் கேட்டதை வைத்துக் காவல்துறைக்குத் திசை காட்டும். காவல்துறை தனியாகச் சாட்சியம் தேடும்.

படி 5: அனுமதியை அளந்து பாருங்கள்

ஒட்டுக்கேட்க, வீட்டுக்குள் கருவி வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நான்கு கேள்விகள் போதும்: கையெழுத்திடுபவர் யார், நீதிபதி உண்டா, எத்தனை நாள், பிறகு சரிபார்ப்பவர் யார்.

பிரிட்டனில் 2016 சட்டப்படி இரட்டைப் பூட்டு: அமைச்சரும் கையெழுத்திட வேண்டும், நீதித்துறை ஆணையரும் ஒப்ப வேண்டும். பொதுவாக ஆறு மாதம். அவசரமென்றால் அமைச்சர் மட்டும் கையெழுத்திடலாம், ஆனால் மூன்று வேலை நாளுக்குள் ஆணையர் பார்த்தாக வேண்டும். கனடாவில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி. அமெரிக்காவில் 1978 சட்டத்தில் உருவான தனி நீதிமன்றம். இந்தியாவில் உள்துறைச் செயலாளரின் ஆணை. 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. பிறகு பார்க்கும் மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி எந்தக் கட்டத்திலும் இல்லை. இந்தக் காப்புகளுக்கு அடித்தளம், பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு.

அட்டவணையாக எழுதினால் நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு சட்டென்று புலப்படும். நாள் கணக்கைவிட ‘நீதிபதி உண்டா’ என்ற கட்டத்துக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

படி 6: அச்சுறுத்தல் நிலையை அளவோடு படியுங்கள்

பயங்கரவாதத் தாக்குதலுக்கான வாய்ப்பைக் குறிக்க பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐந்து நிலைகள். பிரிட்டனில் 2003-இல் அமைந்த ஜேடாக் என்ற கூட்டு மையம் நாட்டின் பயங்கரவாத அச்சுறுத்தல் நிலையை அமைச்சர்களைக் கேட்காமல் முடிவு செய்கிறது; 2006 முதல் அது மக்களுக்கும் அறிவிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் மூன்றாவது நிலைக்கு உயர்த்தியபோது தெளிவாகச் சொன்னது: அடுத்த 12 மாதங்களில் தாக்குதலோ தாக்குதல் திட்டமோ நிகழ 50 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நாளை நடக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஊர் என்றும் அது சொல்லவில்லை. நிலை மாறும்போது எண்ணை விட்டுவிட்டு, கூடவே வரும் விளக்க வாக்கியத்தைப் படியுங்கள்.

படி 7: மேற்பார்வையாளரின் கையில் என்ன இருக்கிறது?

மேற்பார்வை என்ற பெயரில் ஒரு குழு இருந்தால் போதாது. கோப்பைக் கேட்டு வாங்கும் உரிமை அதற்கு உண்டா? நடந்து முடிந்ததை மட்டும் பார்க்குமா, நடப்பதையும் பார்க்குமா? ஆஸ்திரேலியாவில் 1986 சட்டத்தில் உருவான தலைமை ஆய்வாளர், உறுதிமொழி வாங்கி விசாரிக்கவும் அலுவலகத்துக்குள் நுழையவும் அதிகாரம் உள்ளவர். கனடாவில் 2019-இல் வந்த என்எஸ்ஐஆர்ஏ என்ற மறுஆய்வு அமைப்பு எல்லா உளவு, பாதுகாப்பு அமைப்புகளையும் சேர்த்துப் பார்க்கிறது. பிரிட்டனின் நாடாளுமன்றக் குழு 1994-இல் அமைந்தது. அதன் அறிக்கைகளில் நீக்கப்பட்ட பகுதிகள் மூன்று நட்சத்திரக் குறிகளாக நிற்கும். நட்சத்திரங்கள் எந்த அத்தியாயத்தில் மொய்க்கின்றன என்பதையும் குறித்துவையுங்கள்.

இந்தியாவில் ஐபிக்கு நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு இல்லை. 2011-இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஐபிக்கு விலக்கு தருகிறது; ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு இல்லை. மனு எழுதுவோர் இந்த விதிவிலக்கை மனுவின் முதல் பத்தியிலேயே சுட்டிக்காட்டுவது நல்லது.

படி 8: ‘உளவுத்துறை முன்பே எச்சரித்தது’ என்ற செய்தியைச் சோதியுங்கள்

ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும் இந்தத் தலைப்பு வரும். ஐந்து கேள்விகளோடு அதை அணுகுங்கள். எந்தத் தேதியில்? யாருக்கு முகவரியிடப்பட்டது? ஆள், இடம், நேரம் ஆகியவற்றில் எது இருந்தது? பெற்றவர் அடுத்து யாருக்கு அனுப்பினார்? செயல்பட வேண்டிய கடைசி மனிதருக்கு, அதாவது வாசலில் நிற்கும் காவலருக்கு, அது போய்ச் சேர்ந்ததா?

இலங்கையின் 2019 ஈஸ்டர் தாக்குதலை இந்தக் கேள்விகளோடு பாருங்கள். ஏப்ரல் 4 அன்று வெளிநாட்டிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்தது. அதில், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. ஏப்ரல் 9 அன்று தேசிய புலனாய்வுத் தலைவரிடமிருந்து பொலிஸ் மாஅதிபருக்கு, அதாவது காவல்துறைத் தலைவருக்கு, கடிதம் போனது. ஏப்ரல் 11 அன்று பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு ஒரு சுற்றறிக்கை. அரசியல் தலைவர்களின் பாதுகாப்பைக் கவனிப்பவர்களுக்குப் போனது, ஞாயிறு பூசைக்கு வந்த மக்களுக்கோ தேவாலயங்களுக்கோ போகவில்லை. ஏப்ரல் 21 அன்று 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தகவலில் குறை சொல்ல அதிகம் இல்லை. கை மாறிய ஒவ்வொரு மேசையிலும் அவசரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்கிறது. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரும் தலா ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவர் 1 கோடி என்று தங்கள் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு தர உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்து, பக்கத்தில் நோட்டை விரித்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் எப்போது வந்தது, அவர் என்ன செய்தார் என்று இரண்டு பத்திகளில் எழுதிப் பாருங்கள். பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.